உல்லாசக் கப்பலில் ஏறுமுன்

கப்பல் என்னும் சொல் நம் குடும்பங்களில் நெடுங்காலம் உல்லாசத்தைக் குறித்ததில்லை. இரங்கூனுக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் பிழைப்பை நாடிச் சென்றோரையும், அவர்களை வழியனுப்பிவிட்டுக் கரையில் நின்றோரையும் நினைவூட்டிய சொல் அது. 1926ஆம் ஆண்டில் கட்டப்பெற்ற 'ரஜூலா' என்னும் கப்பல், ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம், சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் நம்மவரைக் கீழைக்கடல் நாடுகளுக்கு ஏற்றிச் சென்றது. அவர்களுள் பெரும்பாலோர் தளத்தில் பாய் விரித்துப் படுத்துச் சென்றவர்கள்.

இன்று அதே கடலில், போய்த் திரும்பி வருவதற்கென்றே மக்கள் கப்பலேறுகின்றனர். 2022 ஜூனில் சென்னையிலிருந்து விசாகப்பட்டினம், புதுச்சேரி ஆகிய ஊர்களுக்கு ஓர் உல்லாசக் கப்பல் புறப்பட்டது. அடுத்த ஆண்டு ஜூன் 5ஆம் நாள் அதே கப்பல் இலங்கைக்கான தன் முதற் பயணத்தைச் சென்னையில் தொடங்கியது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைகள் அதன் திட்டத்தில் இடம்பெற்றன. 1990இல் கட்டப்பெற்ற அக்கப்பல் 200 மீட்டருக்கு மேற்பட்ட நீளமும் 11 தளங்களும் உடையது. அதனை மிதக்கும் விடுதி என்பதைவிட மிதக்கும் சிற்றூர் என்பதே பொருந்தும்.

பிற மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு இத்தகைய பயணத்தில் தனியானதோர் இடர்ப்பாடு உண்டு. ஆண்டுக்கொரு முறை கிடைக்கும் நீண்ட விடுமுறையைச் சொந்த ஊருக்கென்று ஒதுக்கி வைத்திருப்போம். அவ்விடுமுறையையும் சேர்த்து வைத்த பணத்தையும் கடலுக்குக் கொடுத்துவிட்டுப் பயணம் பாழானால், அந்த ஆண்டே பாழாயிற்று என்று பொருள். ஆகவே ஏற்பாடுகளில் கவனம் வேண்டும்.

ஆந்திர மாநிலத்தில் ரேணிகுண்டாவுக்கும் காளத்திக்கும் இடையே ஏர்பேடு என்றோர் ஊர் இருக்கின்றது. மலையாள சுவாமிகள் நிறுவிய வியாசாசிரமத்தால் முன்னரே பெயர் பெற்ற ஊர். சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த அது 2022 ஏப்ரல் முதல் திருப்பதி மாவட்டத்தில் உள்ளது. மத்திய அரசின் தொழில்நுட்பக் கழகமும் அறிவியல் கல்விக் கழகமும் அவ்வட்டாரத்தில் அமைந்த பின்னர் தமிழ்க் குடும்பங்கள் சில அங்கே குடியேறின. அவற்றுள் ஒரு குடும்பம் எனக்கு நெருக்கமானது. 2023ஆம் ஆண்டில் இலங்கைக் கப்பல் பற்றிய செய்தி வந்தபோது, அவ்வீட்டின் மூதாட்டியார், வயது எழுபதைக் கடந்தவர், என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "தம்பி, அதில் போனால் கோணேசரைப் பார்க்க முடியுமா?"

அக்கேள்விக்குப் பின்னால் இரண்டு ஆசைகள் இருந்தன. அவருடைய தந்தையார் பினாங்கில் வேலை பார்த்தவர். நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராமல் தொலைவில் நிற்கும். படகில் ஏறிச் சென்ற தந்தை சிறு புள்ளியாகி மறைவதைச் சிறுமியாக இருந்து பார்த்தவர் அவர். அந்தக் கப்பலில் தாமும் ஒருமுறை ஏறவேண்டும் என்பது முதல் ஆசை. திருகோணமலைக் கோணேசர் கோயிலைக் கண்ணாரக் காணவேண்டும் என்பது மற்றது. ஞானசம்பந்தரே கடல் கடவாமல் இராமேச்சுரத்தில் நின்றபடி கோணமாமலையைப் பாடினார் என்பது பெரியபுராணம் தரும் செய்தி. அவ்வம்மையார் காளத்திக்குப் பக்கத்திலேயே குடியிருந்தும் மனம் கோணமலையில் இருந்தது.

"பார்க்கலாம், ஆனால் உறுதி சொல்ல முடியாது" என்று நான் விடையளித்தேன். கப்பற் பயணத்தில் முதலில் உணரவேண்டிய உண்மை இதுதான். சீட்டில் அச்சிட்ட துறைமுகங்கள் யாவும் வாக்குறுதிகள் அல்ல. காற்று மிகுந்தாலும், துறையில் இடம் இல்லாவிடினும், அரசு அனுமதி மறுத்தாலும் கப்பல் ஒரு துறையைத் தவிர்த்துச் சென்றுவிடும். 2022இல் சென்னையிலிருந்து சென்ற கப்பல் புதுச்சேரிக்கு முதன்முறை வந்தபோது அனுமதி கிடைக்காமையால் பயணிகள் கரையிறங்க இயலவில்லை. அதில் சூதாட்ட அரங்கு இருந்தமை பற்றி ஊரில் எதிர்ப்பு எழுந்திருந்தது. துறை விடுபட்டால் கட்டணத்தில் எவ்வளவு திரும்ப வரும் என்பதைப் பணம் செலுத்துமுன் நிபந்தனைகளில் படித்தறிதல் வேண்டும். பெரும்பாலும் துறைமுகக் கட்டணம் மட்டுமே திரும்பும். ஒரே ஓர் இடத்தைக் காண்பதற்காகவே செல்வோர் விமானத்தில் செல்வதே மேல். கடலையும் சேர்த்து விரும்புவோர்க்கே கப்பல் உகந்தது.

அடுத்தது பருவம். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக்கடல் கொந்தளிக்கும். பம்பாயிலும் கோவாவிலும் உலாவும் கப்பல் அந்நாட்களில் கிழக்குக் கரைக்கு வந்ததற்கு அதுவே காரணம். அக்டோபரிலிருந்து வடகிழக்குப் பருவமும் புயல்களும் வங்கக்கடலுக்கு உரியவை. திருகோணமலைக் கடல் மே முதல் செப்டம்பர் வரை பெரும்பாலும் அமைதியாக இருக்கும். ஆயினும் இலங்கையின் தெற்குக் கோடியிலுள்ள அம்பாந்தோட்டைப் பக்கம் அதே மாதங்களில் அலை மிகும். ஒரே பயணத்தில் இருவகைக் கடலும் வரக்கூடும்.

அலையை எண்ணியே அறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். குழந்தைகள் ஏறியாடும் ஏற்றப் பலகையை நினைத்துப் பாருங்கள். முனைகளில் இருப்போர் எழுந்து விழுவர். நடுவில் இருப்பவர் அசையார். கப்பலும் அவ்வாறே. முன்பின் ஆட்டம் நடுப்பகுதியில் குறைவு. பக்கவாட்டு ஆட்டம் கீழ்த்தளங்களில் குறைவு. பக்கங்களில் நீருக்குள் நீட்டப்படும் துடுப்புகள் பக்கவாட்டு ஆட்டத்தைத் தணிக்குமேயன்றி முன்பின் ஆட்டத்தைத் தணிக்கா. ஆகவே முதியோரை அழைத்துச் செல்வோர், உயரத்தில் முனையில் கிடைக்கும் பால்கனி அறையைவிட, கீழே நடுவில் சாளரமுள்ள அறையைக் கேட்டுப் பெறுதல் நன்று. விலையும் குறையும். சாளரமே இல்லாத உள்ளறை இன்னும் மலிவு. ஆனால் அதில் பகலும் இரவும் ஒன்றே. தூங்குவதற்கன்றி அறைக்குள் நுழையாத இளைஞர்க்கே அது பொருந்தும்.

குமட்டல் ஏன் வருகின்றது? உட்செவி 'ஆடுகிறோம்' என்கிறது. அறைச்சுவரைப் பார்க்கும் கண் 'அசையவில்லை' என்கிறது. இவ்விரண்டின் பிணக்கே காரணம். திறந்த தளத்துக்கு வந்து தொடுவானத்தை நோக்கினால் பிணக்குத் தீரும். வெறும் வயிறும் ஆகாது, நிறைந்த வயிறும் ஆகாது. மாத்திரை கொள்வோர் ஆட்டம் தொடங்குமுன் கொள்ள வேண்டும். தொடங்கிய பின் கொள்வது பயன் குறைவு. சில மாத்திரைகள் உறக்கம் தரும். இரத்த அழுத்தம், நீரிழிவு உடையோர் தம் மருத்துவரைக் கேட்டே எதனையும் உட்கொள்ள வேண்டும்.

மருந்தைப் பற்றிய பேச்சில் என் பிழை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முன்னொரு பயணத்தில் என் தாயாரின் மாத்திரைகளைப் பெரிய பெட்டியில் வைத்துவிட்டேன். துறைமுகத்தில் பெட்டிகளை வாங்கிக்கொள்வர். அவை அறைவாயிலுக்கு வந்துசேரப் பல மணி நேரம் ஆகும். எங்கள் பெட்டி இரவு உணவுக்குப் பின்னரே வந்தது. அதுவரை நான் பட்ட பாட்டை விரிக்க வேண்டியதில்லை. மருந்து, மூக்குக்கண்ணாடி, பாஸ்போர்ட், ஒரு மாற்றுடை, குளிரூட்டிய அறைகளுக்கு ஒரு சால்வை ஆகிய இவை கைப்பையிலேயே இருத்தல் வேண்டும்.

செலவைக் கணக்கிடுங்கால் விளம்பரத்தில் காணும் தொகையைப் பாதி வழியென்றே கொள்க. துறைமுகக் கட்டணம், வரி, சிப்பந்திகளுக்கான அன்பளிப்புத் தொகை, கரைச் சுற்றுலா, பானங்கள் ஆகியவை தனியாகச் சேரும். கப்பலில் பணம் கைமாறுவதில்லை; அறைச் சாவியாகிய அட்டையைக் காட்டினால் போதும். கை வலியாமல் செலவழிக்க வைக்கும் ஏற்பாடு அது! நாள்தோறும் மாலையில் கணக்கைக் கேட்டுப் பார்ப்பது நலம். கப்பல் மருத்துவர்க்கும் தனிக்கட்டணம் உண்டு. உள்நாட்டு மருத்துவக் காப்பீடு கடலில் செல்லுமா என்பதை முன்னரே விசாரித்து, இன்றேல் பயணக் காப்பீடு எடுக்க வேண்டும். பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாதல் வேண்டும். விசா விதிகள் அடிக்கடி மாறுவன; சீட்டு வாங்கும் நாளில் கேட்டதோடு நில்லாமல், புறப்படும் வாரத்திலும் கேட்க வேண்டும்.

ஏர்பேட்டுக் குடும்பம் போன்றோர்க்கு நான் வற்புறுத்திக் கூறுவது, முதல் நாளே சென்னை சேர்ந்துவிடுங்கள் என்பதே. ரேணிகுண்டா, புத்தூர், திருத்தணி, அரக்கோணம் வழியாக இரயில் சில மணி நேரத்தில் கொண்டு சேர்த்துவிடும் என்பது உண்மைதான். ஆயினும் இரயில் தாமதித்தால் கப்பல் காத்திராது. கப்பல் புறப்படுவதற்குச் சில மணி முன்னரே பயணிகளை ஏற்றும் வாயில் அடைபடும். சீட்டிலுள்ள நேரம் நங்கூரம் எடுக்கும் நேரம் மட்டுமே. துறைமுகத்தைச் சுற்றியுள்ள சாலைகளில் சரக்கு லாரிகளின் நெரிசலையும் மறக்கலாகாது.

ஏறியவுடன் ஆபத்துக் காலப் பயிற்சி நடைபெறும். ஏழு குறுகிய ஊதல், ஒரு நீண்ட ஊதல்: இதுவே அபாய ஒலி. படம் எடுப்பதை நிறுத்திவிட்டு இதனைக் கேளுங்கள். 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியக் கரையருகே 'கோஸ்டா கன்கார்டியா' பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் மாண்டனர். அன்று ஏறிய பயணிகள் பலர்க்குப் பயிற்சி நடந்திருக்கவில்லை. அதன் பின்னரே, புறப்படுமுன்போ புறப்பட்ட உடனோ பயிற்சி நடத்தல் வேண்டும் என்னும் சர்வதேச விதி 2015 முதல் வந்தது. நம் கடலுக்கும் இவ்வனுபவம் உண்டு. சிங்கப்பூரிலிருந்து சென்னைக்குத் திரும்பிய 'சிதம்பரம்' கப்பல் 1985 பிப்ரவரியில் தீப்பற்றியது. அத்துடன் அந்தப் பயணிகள் போக்குவரத்தே நின்றுபோயிற்று. ஆகவே அறையில் கற்பூரமும் ஊதுவத்தியும் ஏற்றலாகாது என்றால் பக்திக் குறைவென்று வருந்தற்க. மின்கெண்டியும் இஸ்திரிப் பெட்டியும் கூட வாங்கி வைத்துக்கொள்வர்.

உணவு மிகுதி, சைவ உணவும் கிடைக்கும். நம் காப்பி மட்டும் கிடைக்குமென்று எதிர்பார்த்துச் செல்வது ஏமாற்றத்துக்கு வழி. உணவறைக்குள் நுழையுமுன் சோப்பிட்டுக் கை கழுவுங்கள். கப்பல்களில் விரைந்து பரவும் வயிற்றுப்போக்குக் கிருமிக்குக் கையில் தடவும் சாராயக் களிம்பு அவ்வளவாக அஞ்சுவதில்லை. கரை மறைந்ததும் தொலைபேசியை விமானப் பயண நிலையில் வைத்துவிட வேண்டும். இன்றேல் அது கப்பலின் விண்கோள் இணைப்பைத் தானே பற்றிக்கொண்டு, வீடு திரும்பிய பின் கட்டணப் பட்டியலாகப் பேசும்.

கரையிறங்குவது பற்றி ஒரு சொல். கப்பல் நிறுவனம் நடத்தும் சுற்றுலா விலை மிகும். ஆனால் அது தாமதித்தால் கப்பல் பொறுத்திருக்கும். தாமே வாடகை வண்டி பிடித்துச் செல்வோர் தாமதித்தால் பொறுத்திராது. இலங்கை நேரமும் நம் நேரமும் 2006 முதல் ஒன்றேயாதலால் அங்கே குழப்பமில்லை. மலேசியா, சிங்கப்பூர் செல்வோர் இரண்டரை மணி வேறுபாட்டை எண்ணிக் கப்பலின் நேரத்தையே கைக்கடிகாரத்தில் வைக்க வேண்டும். ஆழமில்லாத துறைகளில் சிறு படகில் இறங்க நேரும். முழங்கால் வலியுடையோர் இதை முன்னரே கேட்டறிக. கோயில் காணச் செல்வோர் உச்சிவேளையில் நடை சாத்தும் வழக்கத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இவ்வளவு எச்சரிக்கைக்குப் பின் இன்பம் எங்கே என்று கேட்கலாம். நிகழ்ச்சிப் பட்டியலில் உள்ள யாவற்றுக்கும் ஓடாதீர்கள் என்பதே என் விடை. சென்னையிலிருந்து தெற்கே செல்லும்போது கிழக்கு இடப்புறம் இருக்கும், திரும்புகையில் வலப்புறம். விடியுமுன் அந்தப் பக்கத்துத் தளத்தில் ஒரு நாற்காலி தேடிக்கொண்டால், வேறெங்கும் விலைக்குக் கிடைக்காத காட்சியொன்று கட்டணமின்றிக் கிடைக்கும். இரவில் விளக்கொளி குறைந்த மூலையில் நின்றால் ஏர்பேட்டு வானத்தில்கூடக் காணாத அளவுக்கு விண்மீன்கள் தெரியும்.

அக்குடும்பத்தினர் சென்று வந்தனர். கப்பல் சுற்றுலாவிலேயே சீட்டு வாங்கியிருந்தமையால் மூதாட்டியார்க்குக் கோணேசர் சந்நிதியில் அரை மணி நேரம் கிடைத்தது. கடலிலும் முதல் இரவைத் தவிர அவருக்குத் துன்பமில்லை. ஆனால் தரையிறங்கிய பின் ஓரிரு நாள் உடல் தானே அசைவது போன்ற உணர்வு பலர்க்கும் உண்டாகும் என்பதை நான் சொல்ல மறந்திருந்தேன். ஏர்பேட்டு நிலையத்தில் இறங்கி நின்றவர், "ஏண்டா, இந்த மேடை ஆடுகிறதா?" என்று மகனைக் கேட்டாராம். அவன் இல்லை என்றதும், "ஆடட்டும், நன்றாகத்தான் இருக்கிறது" என்று சொல்லிப் பெட்டியின்மேல் அமர்ந்துகொண்டாராம்.