அறிவுவகைப் பகுப்பும் அண்மைக்கால இயற்கையியல் நூல்களும்

தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவுவகையால் அறுதிறப்படுத்து ஓதுகின்றது. உடம்பால் உற்றறிவது ஓரறிவு, அதனொடு நா, மூக்கு, கண், செவி என்பன முறையே கூடக்கூட அறிவும் ஐந்தாக உயரும், மனம் ஆறாவதாம். புல்லும் மரனும் முதற்படியினும், நந்து இரண்டாம் படியினும், சிதலும் எறும்பும் மூன்றாம் படியினும் நிறுத்தப்பட்டுள்ளன. இப்பகுதியைப் பாடஞ் சொல்லுமிடத்து, 'இப்பகுப்பு உண்மைதானா?' என மாணவர் வினவுவதுண்டு. உரைகளை மட்டுங் கொண்டு அவ்வினாவிற்கு விடை கூறல் அரிது. அண்மை ஆண்டுகளில் ஆங்கிலத்தில் வெளிவந்த இயற்கையியல் நூல்கள் சில இவ்வகையிற் பெருந்துணை புரிவன. அவற்றுள் தமிழாய்வாளர் பயிலத்தக்க சிலவற்றை ஈண்டுச் சுட்டுதும்.

முதற்கண் வைத்தெண்ணத் தக்கது எட் யாங் என்பார் 2022-இல் வெளியிட்ட 'அன் இம்மென்ஸ் வேர்ல்டு' என்னும் நூல். விலங்குகளின் புலன்களே அதன் பொருள். மணமும் சுவையும், ஒளி, நிறம், வெப்பம், ஒலி, எதிரொலி, மின்புலம், காந்தப்புலம் என இயல்களும் புலன்வழியே வகுக்கப்பட்டிருத்தலின், மரபியல் பயின்றார்க்கு நூலமைப்பே நன்கு பழகியது போலத் தோன்றும். அதன் அடிப்படைக் கருத்து யாக்கோபு ஃபான் யூக்சுகுல் என்னும் விலங்கியலார் 1909-இல் விளக்கியது. ஒவ்வோர் உயிரும் தன் புலன்களுக்கு எட்டும் பகுதியையே உலகமாகக் கொண்டு வாழும் என்பது அவர் கொள்கை. அவர் காட்டும் உண்ணிக்குக் கண் இல்லை. பாலூட்டியின் தோல்மணமும், உடல்வெப்பமும், மயிர்படும் ஊறும் அன்றி அதற்கு வேறுலகம் இல்லை. இக்கருத்தினைக் குறிக்கச் 'சூழல்' என்னும் சொல் போதாது. 'புலனுலகு' என யாம் வகுப்பில் வழங்கி வருகின்றோம். இதனினும் சிறந்த சொல் கிடைப்பின் மகிழ்ந்து ஏற்போம்.

இந்நூலைக் கற்றபின் மரபியலை மீண்டும் நோக்குவார்க்குச் சில இடர்ப்பாடுகள் புலனாகும். நந்து என்பதனை நத்தை, சங்கு எனக் கொள்வர். தோட்டத்து நத்தைக்கு உணர்கொம்பின் நுனியிற் கண் உண்டு. அதன் இனத்ததாகிய விசிறிவடிவச் சிப்பிக்கோ ஓட்டின் விளிம்பில் இருநூறு கண்கள் வரையிலும் உள! ஆயின் சிதலின் நிலை வேறு. அதன் உழைப்பாளிகளுட் பெரும்பாலன கண்ணில்லாதன. மணத்தடம் பற்றியே செல்வன. அதனை மூக்குணர்வோடு நிறுத்தியமை கூர்ந்து நோக்கினார் கூற்றேயாம். அதனொடு சேர்த்தெண்ணப்பட்ட எறும்பினுட் பலவற்றுக்குக் கண் உண்டு.

பொருந்தும் இடத்தை எடுத்துக்காட்டி, பொருந்தா இடத்தை வாளா விடுத்து, பண்டைத் தமிழர் இன்றைய அறிவியல் முழுதும் அறிந்திருந்தனர் என நிறுவும் ஆய்வேடுகள் பல. அவற்றுட் சிலவற்றை மதிப்பிடும் கடமை எமக்கும் நேர்ந்தது. அவை தொல்காப்பியத்திற்குப் பெருமை சேர்ப்பனவாகத் தோன்றினும், உண்மையில் அந்நூலைப் படியாமற் செய்வன. படிநிலையாக உயரும் இப்பகுப்பின் நோக்கம் யாது, அது கண்ணாற் கண்டு அமைத்ததோ, கொள்கைபற்றி அமைத்ததோ என்பனவே ஆராயற்பாலன. சமணரது தத்துவார்த்த சூத்திரமும் எறும்பினை மூவறிவினும் வண்டினை நாலறிவினும் வைத்தெண்ணுதலை ஒப்புநோக்குதல் வேண்டும். யாங் காட்டும் உலகில் படிகளே இல்லை என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. குழிவிரியன் வெப்பத்தைக் 'காணும்' ஆற்றலை எப்படியில் நிறுத்துவது?

அந்நூலில் யானையின் தாழொலி பற்றிய பகுதி தமிழர்க்குத் தனிச்சிறப்புடையது. 1984-இல் கேத்தி பெய்ன் அம்மையார் போர்ட்லண்டு நகர விலங்குக்காட்சிச் சாலையில் யானைகளின் அருகே காற்றில் ஒரு துடிப்பினை உணர்ந்து, மாந்தர் செவிக்கெட்டா ஒலியால் அவை தம்முட் பேசிக்கொள்ளுதலை ஆய்ந்து கண்டார். அவ்வாறு இருத்தல்கூடும் என 1972-இலேயே கருதியவர் மா. கிருட்டிணன், புதின ஆசிரியர் அ. மாதவையாவின் மைந்தர். அவர்தம் தமிழ்க் கட்டுரைகள் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்னும் பெயரால் சு. தியடோர் பாசுகரனால் தொகுக்கப்பெற்றுள்ளன. கலைச்சொல் நெருக்கமின்றி உயிரியலைத் தமிழில் எழுதும் நெறியறிய விரும்புவார்க்கு அத்தொகுப்பு நல்லதொரு பயிற்சிநூல்.

செடிகொடிகளைப் பற்றிச் சோயி சிலாங்கர் 2024-இல் வெளியிட்ட 'தி லைட் ஈட்டர்சு' ஓரறிவுயிர் பற்றிய நம் எண்ணத்தை அசைப்பது. கம்பளிப்புழு இலையைத் தின்னும் அதிர்வினை மட்டும் பதிவுசெய்து செடியிற் செலுத்தியபோது, பின்னர்ப் புழு தின்றவிடத்து அச்செடி காப்புவேதிப் பொருளை மிகுதியாகச் சுரந்தது என ஆப்பல், காக்ராஃப்ட்டு இருவரும் 2014-இல் வெளியிட்டனர். இதனைச் செவியுணர்வென்பாரும் உளர். இலைவழிப் பரவும் அதிர்வாகலின் உற்றறிதலுள் அடங்கும் என்பது எம் கருத்து.

சூசன் சிமார்டு 2021-இல் எழுதிய 'ஃபைண்டிங் தி மதர் ட்ரீ' நூலை மட்டும் விழிப்புடன் கற்க. பூஞ்சை இழைவழி மரங்கள் ஒன்றற்கொன்று உதவும் என்னும் கருத்துக்குக் காடுகளிற் கிடைத்த சான்று போதாது எனக் கார்சுட்டு முதலிய மூவர் 2023-இல் மறுத்துரைத்தனர். நூலின் நடை நெஞ்சைக் கவர்வது. அதனாலேயே மறுப்பினையும் உடன் படித்தல் வேண்டும்.

ஆங்கிலப் பயிற்சி குறைந்த மாணவர் கிருட்டிணன் கட்டுரைகளில் தொடங்கி, அதன்பின் யாங் நூலில் ஒலி, எதிரொலி பற்றிய இரண்டு இயல்களை மட்டும் முதலிற் படித்துப் பார்க்கலாம்.