கைவிரல் நிறமாற்றமும் இணைப்புத்திசு நோய்களும்: திருத்தணி வட்டாரத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

குளிராலோ மனக்கலக்கத்தாலோ கைவிரல்கள் வெளுத்து, நீலமாகி, பின் சிவக்கும் நிலை ரேனோ நிகழ்வு எனப்படும். இது பெரும்பாலோர்க்குத் தீங்கற்றது. சிலர்க்கு இணைப்புத்திசு நோயின் முதல் அறிகுறி. இவ்விரண்டையும் பிரித்தறியும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ரேனோ நிகழ்வு, தோலிறுக்க நோய், நகக்கண், சிலிக்கா, திருத்தணி.

முன்னுரை

1960ஆம் ஆண்டு தமிழகத்துடன் இணைந்த திருத்தணி, வெயிலுக்குப் பழகிய ஊர். ஆண்டுதோறும் டிசம்பர் 31 இரவில் நிகழும் படித்திருவிழாவில் அடியவர்கள் மலையின் 365 படிகளிலும் வழிபட்டு ஏறுவர். அந்த மார்கழிக் குளிரில் ஒருவர்க்கு விரல் வெளுத்தால், பனியின்மேல் பழியிட்டு மறந்துவிடுவது எளிது. வெப்பநாட்டில் இந்நோய் தோன்றாது என்னும் எண்ணமும் அம்மறதிக்குத் துணைசெய்கிறது. ஆனால் குளிர்ந்த நீரும் குளிரூட்டிய அறையும் கூட இந்நிகழ்வைத் தூண்டப் போதுமானவை.

நோயின் இயல்பு

பிரெஞ்சு மருத்துவர் மொரீஸ் ரேனோ 1862இல் தம் ஆய்வேட்டில் இதனை விவரித்தார். விரல்களின் சிறு தமனிகள் அளவுமீறிச் சுருங்கும்போது குருதி தடைப்பட்டு விரல் வெளுக்கிறது. தேங்கிய குருதியில் உயிர்வளி குறைய நீலமாகிறது. ஓட்டம் மீளும்போது சிவக்கிறது. மூன்று நிறங்களும் எல்லோரிடமும் தோன்றுவதில்லை. கருநிறத் தோலில் மாற்றம் மங்கலாகவே தெரியுமாதலின் உள்ளங்கைப் பக்கத்தையும் நகங்களையும் நோக்கவேண்டும்.

வேறுபாடுகள்

முதல்நிலை வகை பெரும்பாலும் இளம்பெண்களிடம் தொடங்கி, இரு கைகளிலும் ஒத்துக் காணப்படும், புண் உண்டாக்காது. இரண்டாம்நிலை வகையில் தமனிச் சுவரே கெட்டுத் தடிக்கிறது. முப்பது வயதுக்குப்பின் தொடங்குதல், விரல்நுனிப் புண், விரல் வீக்கம், தோல் இறுகுதல், மூச்சுத்திணறல் ஆகியன எச்சரிக்கைகள். தோலிறுக்க நோயுற்றோருள் மிகப் பெரும்பான்மையோரிடம் ரேனோ நிகழ்வு காணப்படுகிறது; பலரிடம் தோல் இறுகுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே அது தோன்றிவிடுகிறது. நுரையீரலும் சிறுநீரகமும் கெடுமுன் நோயை அறிய அவ்விடைவெளியே வாய்ப்பு.

நகக்கண்ணை உருப்பெருக்கிக் கருவியால் நோக்கின், விரிந்தோ குறைந்தோ போன நுண்குழாய்கள் நோயைக் காட்டிக்கொடுக்கும். உட்கரு எதிர்ப்பொருள் குருதிச் சோதனை அதனை வலுப்படுத்தும்.

விரல்புண்ணைக் கண்டு தொழுநோய் என அஞ்சி மறைப்பதும் உண்டு. தொழுநோயில் உணர்ச்சியிழப்பு நிலைத்திருக்கும். ரேனோவில் மரத்தலும் வலியும் நிறமாற்றத்தோடு வந்துபோகும். ஐயமிருப்பின் மருத்துவரே முடிவுசெய்தல் வேண்டும்.

தொழிற்சூழல்

கல்லுடைக்கும் தொழிலில் எழும் சிலிக்காத் தூசிக்கும் தோலிறுக்க நோய்க்கும் உள்ள தொடர்பைத் தென்னாப்பிரிக்கச் சுரங்கத் தொழிலாளரிடம் எராஸ்மஸ் என்பார் 1957இல் சுட்டினார். அதிர்வுக் கருவிகளை நெடுங்காலம் இயக்குவதும் விரல் தமனிகளைக் கெடுக்கும். ஆகவே மருத்துவர் நோயாளியின் தொழிலையும் கேட்டறிதல் இன்றியமையாதது.

முடிவுரை

கைகளை மட்டுமன்றி உடல் முழுவதையும் வெதுவெதுப்பாக வைத்தலும் புகைப்பழக்கத்தைக் கைவிடுதலும் முதல் மருந்துகள். தேவைப்படின் நிபிடிபின் போன்றவற்றை மருத்துவர் அளிப்பர். தோலிறுக்க நோயில் மிகுந்த அளவு ஸ்டீராய்டு சிறுநீரக நெருக்கடியைத் தூண்டக்கூடுமாதலின், தாமாக அதனை உட்கொள்ளுதல் ஆகாது. சென்னை இராசீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் மூட்டு, இணைப்புத்திசு நோய்களுக்குத் தனித்துறைகள் உள்ளன. இரண்டும் திருத்தணியிலிருந்து ஒருநாளில் சென்று திரும்பும் தொலைவினவே. வெளுத்த விரலைப் பனியின் விளைவென்று ஒதுக்காமல் ஒருமுறை நகக்கண்ணைக் காட்டி வருவது, பின்னாளில் நுரையீரலைக் காக்கும் செயலாகலாம்.