பத்து ரூபாய் நெருப்பும் பழுதுபார்க்கும் கையும்

பழுதுபட்ட பொருளை உடனே வீசியெறியாமல், பிரித்துப் பார்த்து, துடைத்துச் சீராக்கி, மீண்டும் உபயோகத்துக்குக் கொண்டுவருவது நம் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வந்த நற்குணம். குடைக்குக் கம்பி மாற்றினோம், ஸ்டவ்வுக்குத் திரி மாற்றினோம், அறுந்த செருப்புக்கு வார் தைத்தோம். ஆயினும் பெட்டிக்கடைக் கயிற்றில் பத்து ரூபாய் விலைக்குத் தொங்கும் 'யூஸ் அண்ட் த்ரோ' சிகரெட் லைட்டர் விஷயத்தில் அந்த நற்குணமே அபாயத்துக்கு வாசலாகிறது என்பதையும், அந்த அபாயம் தேகத்தோடு நில்லாமல் சட்டத்தில் நமக்குள்ள பாத்தியதையையும் சேர்த்தே அழிக்கிறது என்பதையும் அறிந்தவர்கள் சொற்பம். (அடுப்படியில் பொறி மட்டும் தரும் நீண்ட லைட்டரை இங்கே சேர்க்கவில்லை, அதற்குள் எரிபொருளே கிடையாது, ஆகையால் அதைப் பிரிப்பவர் பெரும்பாலும் இழப்பது தம் பொறுமையைத்தான்.)

அந்த வண்ணப் பிளாஸ்டிக் கூட்டை வெளிச்சத்தில் சாய்த்தால் தண்ணீர்போல் அலைவது பியூட்டேன் என்னும் வாயு. திறந்த வெளியில் பூஜ்ய டிகிரிக்குச் சற்றுக் கீழேயே கொதித்து ஆவியாகிவிடக்கூடிய அது, கூட்டுக்குள் திரவமாக அடங்கியிருப்பது அழுத்தத்தின் பலத்தினால் மட்டுமே. இருபது டிகிரி வெப்பத்தில் வளிமண்டலத்தைப்போல் இருமடங்காக இருக்கும் அந்த அழுத்தம், அறுபது டிகிரியில் ஆறு மடங்கைத் தாண்டிவிடுகிறது; சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காரின் டாஷ்போர்டு அந்தச் சூட்டை வெகு எளிதில் எட்டும். இதை முன்னிட்டே, லைட்டர்களுக்கான சர்வதேசத் தரமாகிய ஐ.எஸ்.ஓ. 9994, கூட்டின் கொள்ளளவில் 85 சதவீதத்துக்கு மேல் திரவம் இருத்தலாகாது என்றும், 65 டிகிரியில் நான்கு மணி நேரம் வைத்தாலும், ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் அது தாங்கவேண்டும் என்றும் விதிக்கிறது. கசிந்த வாயு காற்றைவிட இருமடங்கு கனமானதாகையால் மேலே கலைந்து போகாமல் தரையோடு தவழ்ந்து, கட்டிலின் அடியிலும் அலமாரியின் மூலையிலும் தேங்குகிறது. காற்றில் அது நூற்றுக்கு இரண்டு பங்குகூட வேண்டாம், ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளும்.

இனி, வீட்டில் நடக்கும் பழுதுபார்ப்பைச் சற்று அருகிலிருந்து காண்போம். சக்கரத்தைச் சுழற்றினால் பொறி வரவில்லை என்றால், பெரும்பாலும் சட்டைப்பையின் நூல்துகள் பற்களில் அடைத்திருக்கும். ஊதி, உலர்ந்த துணியால் துடைப்பதோடு நம் கைவேலை முடிந்துவிட வேண்டும். அதற்கு மேல் சென்று தகர மூடியை நெம்பி, சக்கரத்தைக் கழற்றினால், அடியில் அழுந்திக் கிடந்த மெல்லிய ஸ்பிரிங் கல்லையும் தூக்கிக்கொண்டு கண்ணை நோக்கிப் பாய்கிறது. (அந்தக் கல், பூமியில் விளைந்த கல் அன்று, சீரியமும் இரும்பும் கலந்த உலோகக் கலவை. 1903-இல் அதற்குக் காப்புரிமை பெற்ற ஆஸ்திரிய ரசாயன நிபுணர் கார்ல் அவுவர் ஃபான் வெல்ஸ்பாக், பெட்ரோமாக்ஸ் விளக்கில் நாம் கட்டிய மாண்டிலையும் உலகுக்குத் தந்தவர்.) சுடர் சிறுத்துவிட்டது என்று மூடியைக் கழற்றி, வால்வின் கழுத்திலுள்ள பல்சக்கரத்தை வேண்டுமட்டும் திருப்பி வைப்பவர்களும் உண்டு, அவ்விதம் திருப்பியதன் பலன், அடுத்த தடவை முகத்தருகே கொண்டுபோகையில் ஒரு சாண் உயரத்துக்குச் சீறும் சுடராகவோ, விரலை எடுத்த பிறகும் அணையாத சுடராகவோ வந்து சேரும்.

இவை எல்லாவற்றினும் கொடியது, நிரப்பும் துவாரமே இல்லாத கூட்டில் ஊசியால் துளையிட்டு, டப்பாவிலிருந்து வாயுவை ஏற்றி, பசையால் அடைப்பது. நிறை எவ்வளவு என்று காட்ட அங்கே அளவுகோல் கிடையாது. மேலே விடவேண்டிய வெற்றிடத்தை விடாமல் நிரப்பியவனுக்கு, வெப்பத்தில் திரவம் விரியும்போது கூடு வெடிப்பதைத் தடுக்க வழியும் கிடையாது. சக்கரத்தின் மேல் வளைந்து படிந்திருக்கும் உலோகப் பட்டையை, விரலுக்கு இடைஞ்சல் என்று பிடுங்கி எறிவதையும் நான் இந்தக் கணக்கிலேயே சேர்ப்பேன். பல லைட்டர்களில் அது குழந்தையின் பிஞ்சு விரலுக்கு எதிராக வைக்கப்பட்ட காவல்.

சட்டத்துக்கு வருவோம். கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரத்துத் தீப்பெட்டித் தொழிலாளர்களின் பிழைப்பை இந்த மலிவான லைட்டர்கள் கெடுக்கின்றன என்று 2022-இல் தமிழக முதலமைச்சர் மத்திய அரசுக்குக் கடிதம் எழுதினார். 2023 ஜூன் மாதம் இருபது ரூபாய்க்குக் குறைந்த மதிப்புள்ள சிகரெட் லைட்டர்களின் இறக்குமதி தடை செய்யப்பட்டது. 2024-இல் அவற்றின் உதிரிபாகங்களுக்கும் தடை வந்தது. இதனிடையே 2023-லேயே லைட்டர்களுக்குத் தரக்கட்டுப்பாட்டு ஆணையும் பிறந்தது. அதன்படி இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருத்தல் வேண்டும். முத்திரையின் அருகிலுள்ள உரிம எண்ணை, அந்த அமைவனத்தின் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் தட்டினால் மெய்யும் பொய்யும் தெரிந்துவிடும். முத்திரையும் இல்லை, தயாரித்தவர் பெயரும் இல்லை என்னும் லைட்டரை மலிவு என்று வாங்குவது எனக்கு உவப்பான சிக்கனமாகத் தோன்றவில்லை.

முத்திரையுள்ள லைட்டரே கையில் வெடித்துவிட்டால்? 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 'பொருள் பொறுப்பு' என்னும் தத்துவத்தை ஏற்று, குறையுள்ள பொருளால் விளைந்த காயத்துக்கும் மரணத்துக்கும் சொத்து நாசத்துக்கும் நஷ்டஈடு கோர இடமளிக்கிறது. தயாரித்தவர் இன்னாரென்றே தெரியாத பொருளாயின், 86-ஆம் பிரிவின்படி விற்றவரே அந்தப் பொறுப்பை ஏற்கவேண்டும்; 'எங்கிருந்தோ வந்தது சார்' என்ற கடைக்காரரின் சமாதானம் அங்கே செல்லாது. ஆனால் அடுத்த பிரிவான 87, தீங்கு நேர்ந்த சமயத்தில் பொருள் தவறாகப் பிரயோகிக்கப்பட்டோ மாற்றியமைக்கப்பட்டோ இருந்தால் விற்றவர்மேல் அந்த வழக்கு நில்லாது என்று தெளிவாகக் கூறிவிடுகிறது. தகர மூடியை நெம்பிய கத்தியின் கீறல் ஒன்றே எதிர்த்தரப்பு வக்கீலுக்குப் போதுமான ஆயுதம். தயாரிப்பாளர்மேல் வழக்காடினாலும், குறை ஆலையில் நேர்ந்ததா நம் மேஜையில் நேர்ந்ததா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் திகைக்க நேரும்.

ஆகவே பிரிக்காத லைட்டரால் விபத்து நேர்ந்தவர், முதலில் புண்ணைக் குழாய்த் தண்ணீரின் கீழ் இருபது நிமிஷம் காட்டவேண்டும்; பற்பசை, மை, ஐஸ் எதுவும் கூடாது. முகம், கை, மூட்டு ஆகிய இடங்களில் பட்டிருந்தால் 108-ஐ அழைத்து ஆஸ்பத்திரிக்குச் சென்று, விபத்துப் பதிவேட்டின் நகலை, அதாவது ஏ.ஆர். காப்பியை, கேட்டு வாங்கிக்கொள்ளவேண்டும். உடைந்த துண்டுகளை, நெருப்புக்கு எட்டாத வெளியிடத்தில் பத்திரப்படுத்தி, புகைப்படமும் எடுத்துவைப்பது அவசியம், சாட்சியமே அதுதான். பத்து ரூபாய்ச் சாமானுக்குக் கேட்கக் கூச்சமாக இருந்தாலும் பில் கேட்கலாம். அது நம் உரிமை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே முறையிடலாம். அங்கே தீராவிட்டால், இரண்டு வருஷத்துக்குள், தாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே பிராது கொடுக்கலாம். வக்கீல் வைத்தாகவேண்டும் என்பதில்லை, பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்கு உட்பட்டதாயின் கட்டணமும் இல்லை.

தீர்ந்துபோன லைட்டரிலும் சிறிது வாயு மிஞ்சியிருக்கும். அதைச் சருகோடு கூட்டி வாசலில் கொளுத்துவதும், உள்ளே என்ன இருக்கிறதென்று சிறுவர்கள் சுத்தியலால் தட்டிப் பார்ப்பதும் ஆகாது. பழைய பேட்டரி, குழல்விளக்கு முதலியவற்றோடு தனியே எடுத்துவைத்து, இன்னதென்று சொல்லித் தூய்மைப் பணியாளரிடம் கொடுத்துவிட வேண்டும்.