போனால் மார்க் குறையுமா? ஃபேஸ்புக் முதலில் நுழைந்த கல்லூரிகளில் நடந்தது என்ன?

"எப்பப் பார்த்தாலும் கையில போனு... அப்புறம் மார்க் எங்கிருந்து வரும்?" காலேஜ் படிக்கும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் டயலாக் இது. ஃபேஸ்புக் போய் இன்ஸ்டா வந்தாலும் குற்றச்சாட்டு மட்டும் மாறவே இல்லை. ஆனால், இதை நிரூபிப்பது அவ்வளவு ஈஸி இல்லை.

2009-ல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு பெரிய செய்தியானது. ஏரின் கார்பின்ஸ்கி என்ற ஆய்வாளர் ஒரு பல்கலைக்கழகத்தில் 219 மாணவர்களிடம் தகவல் திரட்டியிருந்தார். அடுத்த ஆண்டு பால் கிர்ஷ்னருடன் சேர்ந்து அதைக் கட்டுரையாகவும் வெளியிட்டார். ஃபேஸ்புக் பயன்படுத்துபவர்களின் சராசரி ஜிபிஏ 3.06, பயன்படுத்தாதவர்களுக்கு 3.82. முடிந்தது கதை என்றுதான் பலரும் நினைத்தார்கள்.

முடியவில்லை. அந்த 219 பேரில் இளநிலை, முதுநிலை இரண்டு தரப்பும் கலந்திருந்தது. முதுநிலையில் பொதுவாகவே ஜிபிஏ கூடுதலாக இருக்கும். அப்போது ஃபேஸ்புக் பக்கம் போகாதவர்களும் அவர்களில்தான் அதிகம். ஜோஷ் பாசெக் குழுவினர் அதே 2009-ல் வேறு மூன்று தரவுகளை எடுத்துப் பார்த்தபோது, அப்படியொரு வலுவான தொடர்பு தென்படவே இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. போனால் படிப்பு கெட்டதா, படிப்பு பிடிக்காததால் போனுக்குள் போனாரா? சர்வேயை மட்டும் வைத்து இதைப் பிரிப்பது கஷ்டம். சில கல்லூரிகளுக்கு மட்டும் ஆப்பைக் கொடுத்து, மற்றவற்றுக்குக் கொடுக்காமல் ஒப்பிட்டால் தெரியும். அப்படி யார் செய்வார்கள்?

மார்க் சக்கர்பெர்க் தெரியாமல் நடத்திய பரிசோதனை

2004 பிப்ரவரியில் ஹார்வர்டில் தொடங்கிய ஃபேஸ்புக், அடுத்து கொலம்பியா, ஸ்டான்ஃபோர்ட், யேல் என்று கல்லூரி கல்லூரியாகத்தான் நுழைந்தது. அந்தக் கல்லூரியின் மெயில் ஐடி இல்லையென்றால் உள்ளே போக முடியாது. 2006 செப்டம்பரில்தான் எல்லோருக்கும் கதவு திறந்தது.

லூகா பிராகியேரி, ரோயீ லெவி, அலெக்ஸி மகாரின் ஆகிய மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். 775 கல்லூரிகளுக்கு ஃபேஸ்புக் எப்போது வந்தது என்ற பட்டியலையும், அதே காலத்தில் மாணவர்களிடம் எடுத்த உடல்நல, மனநல சர்வேயையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். 2022-ல் 'அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ' இதழில் முடிவு வெளியானது.

ஃபேஸ்புக் வந்த கல்லூரிகளில் கடுமையான மனச்சோர்வு 7 சதவீதமும், பதற்றக் கோளாறு 20 சதவீதமும் கூடியிருந்தன. மனநலப் பிரச்சினையால் படிப்பு பாதித்தது என்று சொன்ன மாணவர்களும் அதிகமானார்கள். இதில் அளந்தது ஜிபிஏ அல்ல, மாணவர்களே சொன்ன பதில் என்பதை மறக்கக் கூடாது. இருந்தாலும், 2009 ஆய்வைவிட இது பல மடங்கு உறுதியான ஆதாரம்.

காரணம் என்ன? டைம் வேஸ்ட்டைவிட, மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கத்தைத்தான் ஆய்வாளர்கள் சுட்டுகிறார்கள். ஒரு சுவாரஸ்யமான விஷயம்: ஃபேஸ்புக் வந்த பிறகு 'மத்தவங்க எல்லாம் நிறைய குடிக்கிறாங்க, பார்ட்டி பண்றாங்க' என்ற எண்ணம் மாணவர்களிடம் கூடியது. ஆனால், உண்மையில் குடிக்கும் அளவு அப்படிக் கூடவில்லை. எல்லோரும் ஜாலியாக இருக்கிறார்கள், நாம் மட்டும்தான் இப்படி என்ற நினைப்போடு புத்தகத்தைத் திறந்தால் என்ன ஏறும்?

இவ்வளவுக்கும் அப்போது ரீல்ஸ் இல்லை, லைக் பட்டன் இல்லை. நியூஸ் ஃபீடே 2006 செப்டம்பரில்தான் வந்தது. முதல் ஐபோன் வந்தது 2007-ல்.

அப்போ நேரம் கணக்கில்லையா?

கணக்கு உண்டு, ஆனால் நினைக்கும் அளவுக்கு இல்லை. ரெனால்டோ ஜன்கோ 1,839 மாணவர்களை வைத்து 2012-ல் வெளியிட்ட ஆய்வில், சராசரியைவிட தினமும் 93 நிமிடம் கூடுதலாக ஃபேஸ்புக்கில் இருந்தவர்களுக்கு ஜிபிஏ குறைந்தது வெறும் 0.12. அதிலும், லிங்க் பகிர்பவர்களின் ஜிபிஏ நன்றாகவே இருந்தது. ஸ்டேட்டஸ் போடுபவர்களுக்குத்தான் அடி.

படிக்க உட்கார்ந்த நேரத்திலேயே போன் பார்ப்பது வேறு கதை. லாரி ரோசன் குழுவினர் 2013-ல் வெளியிட்ட ஆய்வில், பள்ளி, கல்லூரி மாணவர்கள் 263 பேர் 15 நிமிடம் படிப்பதைப் பக்கத்தில் இருந்து கவனித்தார்கள். சராசரியாக ஆறு நிமிடம்கூட ஒரே வேலையில் நிற்க முடியவில்லை. நடுவில் ஃபேஸ்புக்கைத் திறந்தவர்களின் ஜிபிஏவும் குறைவாக இருந்தது.

போனைப் பிடுங்கி வைக்கச் சொல்லவில்லை ரோசன். மனசு அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கும் என்கிறார். அவர் சொல்லும் வழி 'டெக் பிரேக்': போனை சைலண்ட்டில் கவிழ்த்து வைத்து 15 நிமிடம் படிப்பு, பிறகு ஒரு நிமிடம் மெசேஜ் பார்க்கலாம். பழகப் பழக அந்த 15 நிமிடத்தை நீட்டிக்கொண்டே போகலாம்.