கைப்பிரேக் பிடிக்கவில்லை: குறை எங்கே இருக்கிறது?

மதுரையைச் சுற்றியுள்ள நிலம் பெரும்பாலும் சமவெளி. மேலூர், திருமங்கலம், சோழவந்தான் என்று எந்தப் பக்கம் போனாலும் காரை நிறுத்தினால் நிறுத்திய இடத்திலேயே நிற்கும். கைப்பிரேக் போட்டோமா, போட்டது பிடித்ததா என்று யாரும் கவனிப்பதில்லை. கியரில் விட்டுவிட்டு இறங்கிப் போகிறோம். அதனால் கைப்பிரேக்கில் வரும் பழுது இங்கே மாதக்கணக்கில் தெரியாமலே இருந்துவிடும். அழகர்கோவிலிலிருந்து பழமுதிர்சோலைக்கு ஏறும்போதோ, வத்தலக்குண்டு தாண்டிக் கொடைக்கானல் மலைப்பாதையில் வண்டிகளின் வரிசையில் நிற்கும்போதோதான் அது வெளிப்படும்.

இதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. ஆட்களோடு 1,000 கிலோகிராம் நிறையுள்ள ஒரு கார், 10 மீட்டருக்கு 1 மீட்டர் ஏறும் சரிவில் நிற்கிறது என்று கொள்வோம். அதைக் கீழே இழுக்கும் விசை ஏறக்குறைய 980 நியூட்டன். 100 கிலோ மூட்டையைத் தூக்கத் தேவைப்படும் விசைக்கு இது சமம். அதே கார் 100 மீட்டருக்கு 1 மீட்டர் மட்டும் ஏறும் சாலையில் நின்றால் இழுக்கும் விசை 98 நியூட்டன்தான். டயரின் உருளும் உராய்வே பெரும்பாலும் அதைத் தாங்கிவிடும். சமவெளியில் கைப்பிரேக்குக்கு வேலையே வருவதில்லை. எனவே அதன் குறையும் தெரிவதில்லை.

நான் மதுரை மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. எங்கள் பள்ளியில் ஆசிரியர்களின் கார்கள் வேப்பமரத்தடியில் நிற்கும். இடைவேளையில் பிள்ளைகள் அவற்றைச் சுற்றித்தான் ஓடிப் பிடித்து விளையாடுவார்கள். பல பள்ளிகளில் இதே நிலைதான். எனவே கைப்பிரேக்கைப் பற்றித் தெரிந்துகொள்வது நமக்குத் தேவையான பாடம். மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 126-ஆம் பிரிவும் இதையே சொல்கிறது. உரிமம் பெற்ற ஓட்டுநர் இருக்கையில் இல்லாதபோது, பொது இடத்தில் நிற்கும் வண்டி தானாக நகர முடியாதபடி பிரேக் போட்டோ வேறு ஏற்பாடு செய்தோ வைத்திருக்க வேண்டும்.

விசை போகும் பாதை

நம்மில் பலர் வைத்திருக்கும் சிறிய கார்களில் கைப்பிரேக் பின்சக்கரங்கள் இரண்டையும் பிடிக்கிறது. கால் பிரேக்கில் விசையைக் கொண்டுபோவது திரவம். 8-ஆம் வகுப்பில் நாம் நடத்தும் பாஸ்கல் விதி அங்கே வேலை செய்கிறது. கைப்பிரேக்கில் விசையைக் கொண்டுபோவது எஃகுக் கம்பி, அதாவது கேபிள். ஒன்று பழுதானாலும் மற்றொன்று காக்க வேண்டும் என்பதற்காகவே இரண்டு வழிகள். ஆனால் சிறிய கார்களில் இரண்டு வழிகளும் கடைசியில் வந்து சேரும் இடம் ஒன்றுதான்: பின்சக்கரத்தின் ட்ரம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கைப்பிடி ஒரு நெம்புகோல். நாம் பிடிக்கும் இடம் சுழல் மையத்திலிருந்து 30 செ.மீ. தள்ளியும், கேபிள் கட்டிய இடம் 5 செ.மீ. தள்ளியும் இருந்தால் விசை 6 மடங்காகும். 200 நியூட்டன் விசையுடன் இழுத்தால் கேபிளில் 1,200 நியூட்டன். 10-ஆம் வகுப்பின் திருப்புத்திறன் பாடத்துக்கு இதைவிட அருகில் உள்ள எடுத்துக்காட்டு கிடைக்காது. அந்த இழுப்பு இரண்டாகப் பிரிந்து இரு சக்கரங்களுக்கும் போகிறது. ட்ரம்முக்குள் இன்னொரு சிறு நெம்புகோல் இருக்கிறது. அது பிறை வடிவில் உள்ள இரண்டு பிரேக் ஷூக்களை விரிக்கிறது. ஷூவின் மேல் ஒட்டியுள்ள லைனிங், சுழலும் ட்ரம்மின் உட்சுவரில் அழுந்துகிறது. உராய்வு சக்கரத்தை நிறுத்துகிறது. கைப்பிடியின் அடியில் உள்ள பற்களும் கொக்கியும் அதை இழுத்த உயரத்திலேயே நிறுத்தி வைக்கின்றன. நமக்குக் கேட்கும் ‘டிக், டிக்’ ஓசை அந்தப் பற்களுடையதுதான்.

ஆக, கை, பற்கள், கேபிள், உள் நெம்புகோல், ஷூ, லைனிங், ட்ரம் என்று ஒரு சங்கிலி. பிரேக் பிடிக்கவில்லை என்றால் இந்தச் சங்கிலியில் எங்கோ ஓர் இடத்தில் விசை நின்றுவிடுகிறது என்று பொருள். அந்த இடம் எது என்று கண்டுபிடிப்பதே முதல் வேலை. சரிசெய்வது அதற்குப் பிறகுதான்.

அறிகுறிகள் சொல்வது என்ன?

1. கைப்பிடி வழக்கத்தைவிட உயரமாக வருகிறது, ஆனால் பிடிக்கிறது. லைனிங் தேய்ந்திருக்கலாம். லைனிங் தேயத் தேய இடைவெளியைத் தானாகக் குறைக்கும் அமைப்பு ட்ரம்முக்குள் சிக்கியிருக்கலாம். கேபிள் நீண்டிருக்கலாம்.

2. கைப்பிடி சரியான உயரத்தில் இறுக்கமாக நிற்கிறது. ஆனால் வண்டி உருள்கிறது. கேபிள் தன் உறைக்குள் துருப்பிடித்துச் சிக்கியிருக்கலாம். அல்லது லைனிங்கில் எண்ணெய் பட்டிருக்கலாம்.

3. கைப்பிடியை இறக்கிய பிறகும் சக்கரம் இறுகியே இருக்கிறது. சிறிது தூரம் ஓட்டினால் ஒரு சக்கரம் மட்டும் சூடாகிறது. பெட்ரோலும் கூடுதலாகச் செலவாகிறது. கேபிள் திரும்பி வரவில்லை, அல்லது ஷூவைப் பின்னிழுக்கும் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. மழைத் தண்ணீரில் ஓட்டி வந்து, கைப்பிரேக் போட்டபடி நாட்கணக்கில் நிறுத்திய வண்டியில் லைனிங் ட்ரம்மோடு ஒட்டிக்கொள்வதும் உண்டு.

4. கைப்பிடி மேலே நிற்காமல் விழுகிறது. பற்களோ கொக்கியோ தேய்ந்திருக்கும்.

5. கைப்பிரேக்கை இறக்கியும் சிவப்பு விளக்கு அணையவில்லை. கைப்பிடியின் அடியில் உள்ள சிறு ஸ்விட்ச் கெட்டிருக்கலாம். ஆனால் பல கார்களில் பிரேக் திரவம் குறைந்தாலும் இதே விளக்குத்தான் எரியும். திரவத்தின் அளவைப் பார்க்காமல் அந்த வண்டியை எடுக்கக் கூடாது.

ஓர் அறிகுறிக்கு இரண்டு மூன்று காரணங்கள் இருப்பதைக் கவனியுங்கள். அறிகுறியைப் பார்த்த உடனே பாகத்தை மாற்றினால் பணம் போகும், பழுது போகாது.

பிரித்துப் பார்க்கும் சோதனைகள்

முதல் சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம். கைப்பிடியை இழுத்து, ‘டிக்’ ஓசையை எண்ணுங்கள். எத்தனை இருக்க வேண்டும் என்பது வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். எண்ணிக்கை கூடியிருந்தால் சங்கிலியில் எங்கோ தளர்வு இருக்கிறது.

இரண்டாவது, முன்னால் யாரும் இல்லாத திறந்த வெளியில் செய்வது. கைப்பிரேக்கை முழுதாகப் போட்டு, முதல் கியரில் கிளட்சை மெதுவாக விடுங்கள். வண்டி திணறி இன்ஜின் அணைந்தால் பிரேக் ஓரளவு பிடிக்கிறது. வண்டி நகர்ந்தால் பிடிக்கவில்லை.

மூன்றாவது சோதனை பட்டறையில். முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை போட்டு, பின்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, உறுதியான தாங்கியில் நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் யாரும் போகக் கூடாது. இப்போது ஒருவர் கைப்பிடியை ஒவ்வொரு ‘டிக்’காக உயர்த்த, இன்னொருவர் இரண்டு பின்சக்கரங்களையும் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே அளவில் இறுகினால், தளர்வு இரண்டுக்கும் பொதுவான இடத்தில் இருக்கலாம். அல்லது இரு பக்கமும் ஒரே அளவில் தேய்ந்திருக்கலாம். ஒன்று இறுகி, மற்றது சுற்றினால் குறை அந்த ஒரு பக்கத்தில்தான் இருக்கிறது. ஒரே சோதனையில் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிட்டது.

நான்காவது, அந்தப் பக்கத்து ட்ரம்மைக் கழற்றிப் பார்ப்பது. கைப்பிடியை ஒன்றிரண்டு ‘டிக்’ மட்டும் உயர்த்தினால் உள் நெம்புகோல் நகர்கிறதா? நகரவில்லை என்றால் குறை கேபிளில். நகர்ந்தால் கேபிள் நன்றாக இருக்கிறது; குறை ட்ரம்முக்குள். ட்ரம் கழன்றிருக்கும்போது கால் பிரேக்கை மட்டும் மிதிக்கவே கூடாது; உள்ளே இருக்கும் வீல் சிலிண்டரின் பிஸ்டன் வெளியே வந்துவிடும். பிரேக் தூசியை வாயால் ஊதவும் கூடாது. ஈரத் துணியால் துடைக்க வேண்டும்.

சித்திரைத் திருவிழாவுக்குச் சீரியல் விளக்குக் கட்டுபவரைப் பார்த்திருப்பீர்கள். ஒரு சரம் எரியாவிட்டால் அவர் முதல் பல்பிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்ப்பதில்லை. நடுவில் சோதித்து, குறை எந்தப் பாதியில் என்று தெரிந்துகொள்கிறார். பிறகு அந்தப் பாதியின் நடுவில். நாம் செய்ததும் அதுவே.

நட்டை இறுக்கினால் போதாதா?

என் காரில் நடந்ததைச் சொல்கிறேன். பழமுதிர்சோலை ஏற்றத்தில் நிறுத்தியபோது கைப்பிரேக் போட்டும் வண்டி மெல்லப் பின்னால் நகர்ந்தது. கைப்பிடி கையேட்டில் சொன்ன எண்ணிக்கையிலேயே நின்றது. பட்டறையில் பின்சக்கரங்களைத் தூக்கிப் பார்த்தபோது வலது சக்கரம் இறுகியது. இடது சக்கரம் கையால் தள்ளினாலே சுற்றியது. இடது ட்ரம்மைக் கழற்றினார்கள். உள் நெம்புகோல் நன்றாக நகர்ந்தது. ஆனால் லைனிங் ஈரமாக இருந்தது. வீல் சிலிண்டரின் ரப்பர் தேய்ந்து, பிரேக் திரவம் கசிந்து கொண்டிருந்தது.

“கைப்பிடிக்குக் கீழ இருக்கிற நட்டை இறுக்கிறது அஞ்சு நிமிஷ வேலைதான் தம்பி, எல்லாரும் அதைத்தானே செய்றாங்க?” என்று கேட்டேன்.

“இறுக்கினா கம்பிதான் இழுபடும் டீச்சர். நனைஞ்ச லைனிங் எப்படிப் பிடிக்கும்? கைப்பிரேக்கை விடுங்க, நாளைக்கு உங்க கால் பிரேக்கே போயிருக்கும்” என்றார் அந்த மெக்கானிக்.

அவர் சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. இரு வழிகளும் ஒரே ட்ரம்மில் சேர்வதால், கைப்பிரேக்கில் தெரிந்த குறை கால் பிரேக்கின் நோய்க்கு அறிகுறியாக இருந்தது. வீல் சிலிண்டரை மாற்றி, இரு பக்க ஷூக்களையும் சேர்த்து மாற்றி, ட்ரம்மைத் துடைத்து, குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றிய பிறகு வண்டி சரிவில் அசையாமல் நின்றது.

லைனிங் தேய்ந்த வண்டியிலும் இதே எச்சரிக்கை வேண்டும். முதலில் ட்ரம்முக்குள் ஷூவின் இடைவெளியைச் சரிசெய்து, கால் பிரேக்கைச் சில முறை அழுத்தி, அதன் பிறகும் ‘டிக்’ எண்ணிக்கை கூடுதலாக இருந்தால் மட்டுமே கேபிள் நட்டைத் தொட வேண்டும். முதலிலேயே நட்டை இறுக்கினால், எண்ணிக்கை சரியாகிவிடும். தேய்ந்த லைனிங் மறைந்துவிடும். பல வண்டிகளில், எப்போதும் இழுபட்டிருக்கும் கேபிள், தானாகச் சரிசெய்யும் அமைப்பையும் வேலை செய்யவிடாது. கடைசியில் கைப்பிடியை இறக்கி, இரு சக்கரங்களும் தடையின்றிச் சுற்றுகின்றனவா என்று பார்த்தே வேலையை முடிக்க வேண்டும்.

எண்ணிப் பார்ப்பதும் திரவ அளவைப் பார்ப்பதும் நாமே செய்யலாம். ட்ரம்மைத் திறக்கும் வேலை பயிற்சி பெற்ற மெக்கானிக்குக்கு உரியது. பொத்தானை அழுத்தினால் மோட்டார் இயக்கும் மின்னணுக் கைப்பிரேக் உள்ள வண்டிகளுக்கு மேலே சொன்ன முறைகள் பொருந்தா. மே விடுமுறையில் வண்டியை வாரக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால், சமதளத்தில் கியரில் விட்டு, சக்கரங்களுக்குக் கட்டை போட்டு, கைப்பிரேக்கை இறக்கி வைப்பது நல்லது.

வகுப்பறையில்

இதை 8-ஆம் வகுப்பில் மிதிவண்டியைக் கொண்டு நடத்துகிறேன். மிதிவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, பிள்ளைகள் பார்க்காதபோது ஒரே ஒரு குறையை ஏற்படுத்துவேன்: கேபிளைச் சற்றுத் தளர்த்துவேன், அல்லது பிரேக் கட்டையை ரிம்மிலிருந்து விலக்கி வைப்பேன். நான்கு பேர் கொண்ட குழு தாளில் நான்கு பத்திகள் வரைந்து நிரப்ப வேண்டும்: அறிகுறி, ஐயம், சோதனை, முடிவு. விதிகள் இரண்டு. சோதிக்காமல் எதையும் முறுக்கக் கூடாது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்யலாம். முடிந்ததும் எல்லாவற்றையும் பழையபடி இறுக்கி, நானே சோதித்த பிறகுதான் மிதிவண்டி உரியவரிடம் போகும்.

இந்தப் பழக்கம் நம் நோட்டுத் திருத்தலுக்கும் உதவும். ஒரு மாணவி 432-ஐ 4-ஆல் வகுத்து 18 என்று எழுதுகிறாள். விடை 108. “வாய்ப்பாட்டை நன்றாகப் படி” என்று சொல்வது எளிது. ஆனால் 4-ஐயும் 32-ஐயும் அவள் சரியாகவே வகுத்திருக்கிறாள். வாய்ப்பாடு அவளுக்குத் தெரியும். 3 பத்துகளை 4 பேருக்கு முழுப் பத்துகளாகப் பகிர முடியாதபோது அந்த இடத்தில் பூச்சியம் வர வேண்டும் என்பதுதான் தெரியவில்லை. குறை இடமதிப்பில். இன்னொரு பிள்ளை 52-இலிருந்து 27-ஐக் கழித்து 35 என்கிறான். ஒன்றுகளின் இடத்தில் 7-இலிருந்து 2-ஐக் கழித்திருக்கிறான். அவனுக்குக் கழிக்கத் தெரியும்; பத்தைப் பிரித்துக் கடன் வாங்குவதுதான் தெரியவில்லை. இருவருக்கும் பத்துக் கணக்குகள் கூடுதலாகக் கொடுத்தால் அது நட்டை இறுக்குவது போலத்தான்.

எண்ணும் எழுத்தும் திட்டத்தில் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிப்பதன் நோக்கமும் இதுவே: குழந்தை எந்தப் படியில் நிற்கிறது என்று தெரிந்த பிறகு அங்கிருந்து கற்பிப்பது. நிலையை அறிந்ததோடு நிற்காமல், “இந்த விடை எப்படி வந்தது, செய்து காட்டு” என்று குழந்தையிடம் ஒரு முறை கேட்டுவிட்டால், விசை எந்த இடத்தில் நிற்கிறது என்பதைக் குழந்தையே காட்டிவிடும்.

வரும் வாரத்தில் ஒரு நாள் மாலை, பள்ளி வளாகத்தில் நிற்கும் கார்களின் ‘டிக்’ எண்ணிக்கையை ஆசிரியர்கள் சேர்ந்து எண்ணிப் பாருங்கள், கையேட்டோடு ஒப்பிடுங்கள். சந்தேகம் உள்ள வண்டி பட்டறைக்குப் போகும்வரை அதன் சக்கரத்துக்கு ஒரு கட்டை போட்டு வையுங்கள்.