கல்லாய்ச் சமைந்த வனம்

எங்கள் வீட்டு மேஜையின் மேல் முப்பத்தேழு வருஷ காலம் ஒரு கல் இருந்தது. தேங்காய் மூடி அளவுதான் இருக்கும். ஒரு பக்கம் விறகைப் பிளந்தாற்போல் வரி வரியாய் ஓடும். மறு பக்கம் மரத்தைக் குறுக்கே அறுத்தால் தெரியுமே, அதைப் போல் வளையம் வளையமாகத் தெரியும். என் தகப்பனார் பரீட்சைத் தாள்கள் பறந்து போகாமலிருப்பதற்காக அதை வைத்திருந்தார். அவர் காலஞ்சென்ற பிறகு, உபாத்தியாயர் வேலையைப் போலவே கல்லும் வழிவழியாக என்னிடம் வந்து சேர்ந்தது. வீட்டுக்கு வருகிறவர்களிடம், "இந்தக் கட்டையைக் கொஞ்சம் எடுங்கள்" என்பேன். மரமென்று எண்ணி அலட்சியமாய்க் கை வைத்தவர்கள் அதன் கனத்தைக் கண்டு திகைத்து நிற்பதைப் பார்ப்பதிலே எனக்கு ஒரு அற்ப சந்தோஷம் இருந்தது.

சென்ற தை மாதத்தில் ஒரு நாள், ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகள் அந்தக் கல்லை இரண்டு கையாலும் தூக்கி வந்து, "அப்பா, இது நம்முடையதா?" என்று கேட்டாள்.

"ஆமாம் அம்மா. உன் தாத்தா திருவக்கரையிலிருந்து கொண்டு வந்தார்."

"தாத்தாவுக்கு யார் கொடுத்தார்கள்?"

இருபது வருஷமாகப் பிறர் பிள்ளைகளைக் குறுக்குக் கேள்வி கேட்டுப் பழகிய எனக்கு இதற்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஒருவரும் கொடுக்கவில்லை என்பதுதான் உண்மை. எனக்கு ஏழு வயது நடந்தபோது தகப்பனார் என்னையும் கூட்டிக்கொண்டு போய், குனிந்து எடுத்து, மேல் துண்டில் முடிந்துகொண்டு வந்தார். ஆகவே, அந்தக் கல்லையும் எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு திருவக்கரைக்குப் போய் வருவதென்று தீர்மானமாயிற்று. என் தாயாருக்கு வக்கிரகாளியைப் பௌர்ணமியன்று தரிசிக்க வேண்டுமென்று வெகுநாள் ஆசை. அதையும் இதையும் ஒரே பிரயாணத்தில் முடித்துவிடலாமென்று நாள் பார்த்தோம்.

பாகூரிலிருந்து பஸ்ஸில் வந்து, வில்லியனூரில் திருக்காமீசுவரர் கோபுரத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அங்கே வாடகைக் கார் ஒன்று அமர்த்திக்கொண்டோம். அந்தப் பக்கத்துச் சாலைகளுக்கு ஒரு வேடிக்கையான குணம் உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப் போன எல்லை, கந்தல் துணியில் ஒட்டுப் போட்டது போல் துண்டு துண்டாகக் கிடப்பதால், ஒரே சாலையில் போகிறவன் புதுச்சேரியை விட்டுத் தமிழ் நாட்டுக்குள் நுழைவதும் மறுபடி புதுச்சேரிக்குள் வருவதுமாக இருப்பான். நெல் வயலுக்கும் கரும்புக் கொல்லைக்கும் இந்த வித்தியாசம் தெரியாது. மதுக்கடைகளின் விளம்பரப் பலகையைக் கொண்டுதான் நாம் எந்தச் சர்க்காரில் இருக்கிறோம் என்று கண்டுபிடிக்க வேண்டும்!

திருவக்கரை, விழுப்புரம் ஜில்லா வானூர் தாலுகாவைச் சேர்ந்தது. ஊரை ஒட்டி ஓடும் ஆற்றுக்குச் சங்கராபரணி, வராக நதி, செஞ்சியாறு என்று இடத்துக்கு ஒரு பெயர். இதே ஆறுதான் வில்லியனூரைத் தொட்டுக்கொண்டு போய் அரியாங்குப்பத்துக்கு அருகில் கடலோடு கலக்கிறது. அங்கே, கழிக்கரைத் தோப்புக்கு நடுவிலுள்ள அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது, இத்தாலியில் அரெத்ஸோ ஊர்க் குயவர்கள் வனைந்த சிவப்புப் பாண்டங்களின் ஓடுகள் அகப்பட்டன. இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய ரோமாபுரி வியாபாரம் அது. ஆற்றின் வாயில் இரண்டாயிரம் வருஷம் என்று வியந்து நிற்கிறோம். அதே ஆற்றின் மேல்கரையில் கிடப்பதோ இரண்டு கோடி வருஷம்.

கோயிலில் பௌர்ணமிக் கூட்டம் தாங்க முடியவில்லை. வக்கிரகாளியின் சந்நிதியிலேயே ஜனங்கள் தேங்கி விடுகிறார்கள். உள்ளே மூன்று முகங்களோடு விளங்கும் சந்திரமௌலீசுவர லிங்கத்தைச் சாவகாசமாகத் தரிசிக்க முடிந்தது. திருஞானசம்பந்தர் பாடிய ஸ்தலம் இது. செங்கல் கட்டடமாயிருந்த கோயில்களை எல்லாம் அதே இடத்தில் கருங்கல்லால் எடுப்பித்த சோழ மாதேவி செம்பியன் மாதேவியாரின் கைங்கரியம் இந்தக் கோயிலுக்கும் கிடைத்தது, ராஜராஜ சோழன் காலத்திலே. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். காரணம் பின்னால் தெரியும்.

ஊருக்குக் கிழக்கே சுமார் ஒரு மைல் தூரத்துக்குள் கல்மரப் பூங்கா இருக்கிறது. பூங்கா என்றவுடன் ரோஜாப் பாத்தியையும் நீரூற்றையும் எதிர்பார்த்து வந்த என் மனைவி, "இவ்வளவுதானா?" என்றாள். செக்கச் செவேலென்று மழை நீர் அரித்த மேடு பள்ளம், முட்புதர்கள், நிழலுக்கு வேம்பு. புதர்களுக்கிடையே, யாரோ மர வியாபாரி வெட்டிப் போட்டுவிட்டு வண்டி கொண்டு வரப் போனது போல அடிமரங்கள் படுத்துக் கிடக்கின்றன. மூன்று மீட்டர் முதல் பதினைந்து மீட்டர் வரை நீளமுள்ளவை அவை. கிட்டத்தட்ட இருநூறு மரங்கள் என்று கணக்கு. 1940 முதல் தேசியக் கல்மரப் பூங்காவாக இதை இந்தியப் புவியியல் ஆய்வு இலாகா காத்து வருகிறது. மொத்தம் 247 ஏக்கர், ஒன்பது துண்டு நிலங்கள். பொது ஜனங்கள் பார்க்கத் திறந்துவிட்டிருப்பது அதில் சிறு பகுதிதான்.

குழந்தை ஒரு மரத்தின் அருகில் உட்கார்ந்து வளையங்களை எண்ண ஆரம்பித்தாள். கணு இருந்த இடம் தெரிகிறது. நார் ஓடிய திசை தெரிகிறது. சில இடங்களில் சிராய் கையில் ஏறிவிடுமோ என்று பயமாகக்கூட இருக்கிறது. தொட்டாலோ கல்லின் குளிர்ச்சி! "அப்பா, கிளை எங்கே? இலை எங்கே?" என்று அவள் கேட்டாள். அதுதான் சரியான கேள்வி. கிளையும் இல்லை, இலையும் இல்லை, பட்டையும் இல்லை. இதைக் கொண்டுதான் இம்மரங்கள் இங்கே வளர்ந்தவை அல்ல, மேற்கே எங்கோ வளர்ந்து, பெருவெள்ளத்தில் வேரோடு சாய்ந்து, உருண்டு உருண்டு கிளையும் பட்டையும் போன பிற்பாடு இங்கே வந்து ஒதுங்கியவை என்று சாஸ்திரிகள் முடிவு கட்டியிருக்கிறார்கள்.

ஒதுங்கிய மரங்களை வெள்ளம் கொண்டு வந்த மணலும் கூழாங்கல்லும் மூடின. மண்ணுக்கு மேல் கிடந்திருந்தால் கறையான் தின்று சில வருஷங்களில் புழுதியாகி இருக்கும். காற்றுப் புகாத ஆழத்தில் புதைந்ததனால் மட்குவது தாமதப்பட்டது. மணலிலுள்ள சிலிக்கா என்னும் பொருள் நிலத்தடி நீரில் சிறிது சிறிதாகக் கரைந்து, மரத்தின் நுண்ணிய அறைகளில் புகுந்து, மரச்சத்து போகப் போக அதே அறையில் தான் படிந்துகொண்டது. செம்பியன் மாதேவியாரை நினைத்துக்கொள்ளுங்கள். செங்கல்லை எடுத்துவிட்டுக் கருங்கல்லை வைத்தார். கோயில் அதே கோயில்தான். இங்கே அந்தத் திருப்பணியைச் செய்தது தண்ணீர். பூதக் கண்ணாடியில் பார்த்தால் சாறு ஏறிய குழாய்கள் கூடத் தெரியும்படி அவ்வளவு நுட்பமாகச் செய்திருக்கிறது. அதனால்தான், இது புளியின் உறவு, இது ஆமணக்குக் குடும்பம் என்று இன்றைக்கும் இனம் சொல்ல முடிகிறது.

இவற்றை உலகத்துக்கு முதலில் எழுதித் தெரிவித்தவர் புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சு இயற்கை நூலறிஞர் பியேர் சோன்னரா. 1780-களின் தொடக்கத்தில் அவர் எழுதினார். (கடற்கழிகளில் வளரும் ஓர் அலையாத்தி இனத்துக்கு 'சோன்னராஷியா' என்று அவர் பெயரே இட்டிருக்கிறார்கள்.) பிறகு இங்குள்ள ஊசியிலை மர வகையைப் பற்றி ஐரோப்பாவில் ஒருவர் எழுதி வைத்ததைத் திருத்தி ஒழுங்கு செய்தவர் நம் நாட்டு பீர்பல் சாஹ்னி. லக்னோவில் அவர் அமைத்த ஆராய்ச்சிக் கழகத்துக்கு 1949 ஏப்ரல் 3-ஆம் தேதி ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். பல யுகங்களைச் சேர்ந்த இப்படிப்பட்ட கல்லுருக்களைப் பதித்துச் செய்த அபூர்வமான அடிக்கல் அது. ஒரு வாரம் கழிவதற்குள் சாஹ்னி மாரடைப்பால் காலமாகிவிட்டார். கட்டடம் எழும்புவதை அவர் பார்க்கவில்லை.

இம்மரங்கள் கிடக்கும் பாறைக்குக் கடலூர் மணற்பாறை என்று பெயர். இதைக் கேட்டதும் வில்லியனூர், பாகூர்வாசிகள் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். நம் ஆழ்குழாய்க் கிணறுகள் நீர் எடுக்கும் அடுக்குகளில் இதுவும் ஒன்று. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி கிடைப்பதும் இந்தத் தொகுதியைச் சேர்ந்த அடுக்குகளில்தான்; பாகூரின் கீழேயும் அந்தக் கரி இருப்பதாகப் பூமியைத் துளைத்துக் கண்டிருக்கிறார்கள். ஆக, பழங்காலத்து மரங்களில் ஒரு பங்கு கரியாயிற்று. ஒரு பங்கு கல்லாயிற்று. கரியான பங்கை எரித்து விளக்குப் போடுகிறோம். கல்லான பங்கை என் தகப்பனாரைப் போன்றவர்கள் துண்டில் முடிந்துகொண்டு வந்து விடுகிறார்கள்.

இத்தாலியிலே, உம்பிரியா பிரதேசத்தில் துனரோப்பா என்ற ஊரில் இதற்கு நேர்மாறான வனம் ஒன்று இருக்கிறது. செங்கல் சூளைக்குக் களிமண் வெட்டிய இடத்தில் வெளிப்பட்டது. ஐம்பது மரங்கள் வரை, வளர்ந்த இடத்திலேயே நின்ற கோலத்தில் இருக்கின்றன. இருபது முப்பது லட்சம் வருஷமாகியும் அவை கல்லாகவில்லை, இன்னமும் கட்டைதான். நெருப்பு வைத்தால் எரியுமாம்! களிமண் காத்ததை வெயிலும் காற்றும் கெடுக்கத் தொடங்கியதால் கூரை போட்டுக் காக்கிறார்கள். அதே மாகாணத்தில் கார்ஸுலே என்ற ரோமாபுரிக் காலத்து நகரத்தின் இடிபாடுகளும் இருக்கின்றன. யாத்திரிகர்கள் இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாம். நமக்கும் காளி கோயிலும் கல்மரமும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கின்றன. ஆனால் கோயிலுக்கு வந்த ஆயிரக்கணக்கான பேரில் அன்று கல்மரத்தைத் தேடி வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். வானூர்ப் பக்கத்துக் கல் குவாரிகளின் லாரிகள் மட்டும் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தன.

இனி எங்கள் கல்லின் கதைக்கு வருகிறேன்.

உள்ளே நுழையும்போதே அதைக் கொடுத்துவிட வேண்டுமென்பதுதான் ஏற்பாடு. கல் என் தாயாரின் துணிப்பையில் இருந்தது. "என்ன அவசரம்? போகும்போது கொடுத்தால் போகிறது" என்று சொல்லிவிட்டு அவர் வேப்ப மரத்தடியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நாங்கள் சுற்றி வந்ததும், "வேண்டாமடா. உன் அப்பா கை பட்ட சாமான் வீட்டில் வேறு என்ன இருக்கிறது? இங்கே இத்தனை கிடக்கிறதே, இது ஒன்று குறைந்தால் என்ன?" என்றார். நான் என்ன சொல்வேன்? "சரி அம்மா" என்றேன். குழந்தை என் முகத்தைப் பார்த்தாள், ஒன்றும் பேசவில்லை.

வாயிலில் காவலர் ஒரு நிமிஷம் எங்களை நிறுத்தினார். கிழவி சுமக்க முடியாமல் சுமந்து வரும் பையைக் கண்டால் யாருக்கும் சந்தேகம் வரும். "அம்மா, பையில் என்ன?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். திறந்து பார்த்தார். பிரசாதத்துக்கும் தண்ணீர்ச் செம்புக்கும் நடுவில் கல்மரம்!

"ஐயா, பார்த்தால் படித்தவராகத் தெரிகிறீர்கள்" என்றார் என்னிடம்.

வீட்டிலிருந்து கொண்டு வந்தது என்று சொன்னால் எந்த நியாயாதிபதி நம்புவார்? என் வாழ்நாளில் எத்தனையோ பையன்கள் சட்டைப் பையில் மாங்காயோடு என் முன் நின்று, "சார், எங்கள் வீட்டு மரத்தில் பறித்தது" என்று சொல்லியிருக்கிறார்கள். ஒருவனையும் நான் நம்பியதில்லை. அன்று அவர்கள் எல்லாரும் எனக்கு ஞாபகம் வந்தார்கள்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் தாயாரே முன்னால் வந்தார். "இவன் எடுக்கவில்லை அப்பா. முப்பத்தேழு வருஷத்துக்கு முந்தி எங்கள் வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டு போனது. திருப்பிக் கொடுக்கத்தான் கொண்டு வந்தோம். எனக்குத்தான் மனசு வரவில்லை" என்று சொல்லி, கல்லைத் தம் கையாலேயே எடுத்து நீட்டினார்.

காவலர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நம்பினாரோ இல்லையோ, குரல் தணிந்தது. "எந்த இடத்தில் எடுத்தது என்று தெரியுமா? எந்த மரத்துக்குப் பக்கத்தில்? அது தெரிந்தால்தானே அங்கே போய் வைக்கலாம்? இடம் தெரியாமல் போனால் இது வெறும் கல் மாதிரிதான்" என்றார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தகப்பனாரோடு வந்த சாட்சி நான் ஒருவன்தானே! நானும் அந்தச் செம்மேட்டைத் திரும்பிப் பார்த்து, ஏழு வயதுக்குள் புகுந்து தேடினேன். வெயில் சுட்டது ஞாபகமிருக்கிறது. கோலி சோடா வேண்டுமென்று அழுததும், அவர் வாங்கிக் கொடுத்ததும், குண்டு உள்ளே விழுந்த சத்தமும் ஞாபகமிருக்கிறது. அவர் குனிந்ததும் ஞாபகமிருக்கிறது. எங்கே குனிந்தார் என்பது மட்டும் தெரியவில்லை.

"தெரியவில்லை" என்றேன்.

அவர் அதை எடுத்துக்கொண்டு போய், ஓர் ஓரமாக வேறு சில சில்லுகள் குவிந்திருந்த இடத்தில் வைத்தார். என் தாயார் செம்பில் மிச்சமிருந்த தண்ணீரை அதன் மேல் ஊற்றினார். தூசு போய் வளையங்கள் பளிச்சென்று தெரிந்தன. பிறகு காரில் ஏறிக்கொண்டோம். பத்துக்கண்ணு வரும் வரையில் யாரும் பேசவில்லை. குழந்தை பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

இப்போது அரைப் பரீட்சைத் தாள்கள் வந்திருக்கின்றன. மேஜை மேல் ஒரு பித்தளைச் செம்பைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். காற்றடித்தால் உருள்கிறது.