சுவரில் ஒரு ஜப்பான் தட்டு

பித்தளைச் சாமான் வாங்க நம் வீட்டுப் பெண்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. எடை தெரியும், விலை தெரியும், பழசைப் போட்டுப் புதுசு எடுக்கவும் தெரியும். சுவரில் மாட்டும் பீங்கான் தட்டின் சங்கதி வேறு. எடை பார்த்து அதை வாங்க முடியாது. பழசானால்தான் அதற்கு மவுசே!

தமிழ்நாட்டில் பழம்பொருள் தேடுகிறவர்கள் தவறாமல் எட்டிப் பார்க்கும் இடம், காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு. திருவண்ணாமலையில் புது வீடு கட்டிய எங்கள் அத்தைக்குக் கூடத்துச் சுவருக்கு ஒரு ஜப்பான் தட்டு வேண்டும் என்று ஆசை. விழுப்புரம், திருச்சி வழியாகப் போய்ச் சேர்ந்தோம்.

எப்படி வந்தன?

நகரத்தார் பர்மா, மலேயா, இலங்கை என்று கடல் கடந்து வட்டிக் கடை நடத்தியவர்கள். பர்மாத் தேக்கு, இத்தாலியச் சலவைக்கல், ஜப்பான் பூ ஓடு ஆகியவற்றோடு பீங்கானும் அவர்கள் வீடுகளுக்கு வந்தது. 1942-ல் அதே ஜப்பானின் படை பர்மாவைப் பிடித்தது. தட்டு சுவரில் இருக்க, தொழில் கைவிட்டுப் போயிற்று! பிறகு குடும்பங்கள் பிரிந்தன. நிலத்தைப் பங்கு போடலாம். தட்டை உடைத்துப் பங்கு போட முடியுமா? அது கடைக்கு வந்தது.

அடியைப் பாருங்கள்

ஜப்பானின் பீங்கான் தொழில் 17-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரிட்டா என்ற ஊரில் பிறந்தது. இமாரி துறைமுகத்தில் கப்பலேறியதால் ‘இமாரி’ என்றே பெயர் பெற்றது. நீலம், செங்காவி, பொன் ஆகிய மூன்றும் அதன் வர்ணங்கள்.

தட்டைத் திருப்பினால் பாதி ஜாதகம் தெரிந்துவிடும். வெளிநாட்டுச் சரக்கில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1891 முதல் கட்டாயப்படுத்தியது. அதனால் ‘நிப்பான்’ என்ற முத்திரை பெரும்பாலும் 1891-க்கும் 1921-க்கும் இடைப்பட்டது. ‘ஜப்பான்’ என்பது அதற்குப் பிந்தியது. ‘ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்’ என்று ஆங்கிலத்தில் இருந்தால், அது யுத்தத்துக்குப் பின் 1952 வரையிலான சரக்கு. ஆனால் முத்திரையை மட்டும் நம்பிவிடாதீர்கள். போலி முத்திரையும் உண்டு. முத்திரையே இல்லாத பழைய தட்டும் உண்டு.

பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அச்சுப் படம். கோடு தடித்தும் மெலிந்தும் ஓடினால் தூரிகை வேலை. பெரிய அரிட்டாத் தட்டுகளின் அடியில், சூளையில் தாங்கி நின்ற முட்டுக்களின் வடு சிறு புள்ளிகளாக இருக்கும். அதைக் குறை என்று எண்ணாதீர்கள்.

தட்டிப் பாருங்கள்

இது மண்பானை வாங்கும் வித்தைதான். அத்தை ஒரு பெரிய தட்டை விரல்நுனியில் தாங்கிச் சுண்டினாள். ‘டொக்’ என்றது.

“என்னப்பா, இதற்கு ஜலதோஷமா?”

“நூறு வருஷத்துத் தட்டு ஆச்சி, சத்தம் அப்படித்தான் இருக்கும்” என்றார் கடைக்காரர்.

“எனக்கும் அறுபத்தெட்டு ஆகிறது. என் குரல் தெருக்கோடி வரை கேட்கிறதே!”

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். பூவின் நடுவே மயிரிழை விரிசல்! விலை உடனே பாதியாயிற்று. அத்தை அசையவில்லை. ஜப்பானில் உடைந்ததை அரக்குச் சாந்தால் ஒட்டிப் பொன்பொடி பூசிப் போற்றுவார்கள். நம் வீடுகளில் விரிசல் விட்டது ஆகாது.

வாங்கிய பிறகு

ரசீது கேட்டு வாங்குங்கள். 1972-ம் வருஷத்துச் சட்டப்படி, நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளை விற்கும் வியாபாரிக்கு லைசென்ஸ் வேண்டும்; தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. அமெரிக்காவிலுள்ள மகளுக்குப் பரிசாக அனுப்ப நினைப்பவர்கள் கவனிக்க!

மாட்டும் கம்பி இறுக்கிப் பிடித்தால் விளிம்பு தெறிக்கும். சற்றுத் தளர்வாக இருக்கட்டும். பழைய வர்ணங்களில் ஈயம் கலந்திருக்கலாம். அதில் பலகாரம் வைக்க வேண்டாம்.

முடிந்தால் எந்த ஊர் வீட்டிலிருந்து வந்தது என்று ஒரு வார்த்தை கேட்டு, தட்டின் பின்னால் சீட்டெழுதி ஒட்டி வையுங்கள். யாரோ கடல் கடந்து சம்பாதித்து, ஆசையாய்க் கொண்டு வந்து மாட்டியது. ஊர்ப் பெயராவது அதோடு போகட்டும்.